மூட்டையைப் பிரிக்கச் சொன்னவர்

ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் மனம் புண்படுவது ஏறக்குறைய முழுநேரத் தொழில். ஏலக்காய்க்காவது பருவம் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. நான் அப்போது சப்-மாஜிஸ்திரேட் ஆபீசில் குமாஸ்தா. புண்பட்டவர்கள் எழுதும் மனுக்கள் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஸ்டாம்பு ஒட்டாத புண்ணைத் திருப்பிக் கொடுப்பேன். ஒட்டிய புண்ணுக்கு நம்பர் போடுவேன். அந்த வயதில் எனக்கும் மதத்துக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

பக்தர்கள் பக்கத்தில் புண்படாத ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர் வம்சத்தில் யாராவது ஆட்சேபணை அனுப்புவார்கள். அதற்குப் பதில் எழுதும் முறை எனக்கு அத்துப்படிதான், ஆனால் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அந்த வேலையைச் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அவர் ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி. ஊரின் பஜனை மண்டலிக்குத் தலைவர். விடியுமுன் குளித்து, நெற்றி முழுக்கத் திருநீறு பூசி, மார்கழியில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார். குரல் சுமார்தான். பேசும்போது கையில் ஒரு ஏலக்காய் இருக்கும். அதைக் காதருகே ஆட்டிக்கொண்டே எதிராளி சொல்வதைக் கேட்பார். நன்றாகக் காய்ந்த காய் உள்ளே கலகலக்கும், ஈரக்காய் ஊமையாக இருக்கும். நாம் பேசுவதையும் சேர்த்து ஆட்டிப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அந்தக் காலத்தில் கறுப்புச் சட்டை இளைஞர்கள் கடைவீதியில் ஒலிபெருக்கி வைத்துச் சாமி இல்லை என்று பேசுவார்கள். மறுநாள் காலை மண்டலியின் செயலாளர் அவர் கடைக்கு ஓடி வருவார். செயலாளர் ஜவுளி வியாபாரி, நல்ல பக்திமான், எந்தச் சொல்லிலும் அவமானத்தைக் கண்டுபிடிக்கும் திறமை உள்ளவர்.

"அண்ணே, நேத்து நம்மளைக் கொன்னுபுட்டாங்க!"

"அப்படியா? காயம் எங்க, காட்டுங்க."

"மனசுல அண்ணே."

"அப்ப உசுரோடதான் இருக்கீங்க. என்ன கேட்டாங்க, அதைச் சொல்லுங்க."

செயலாளருக்கு அதுதான் ஞாபகம் இருக்காது. எவ்வளவு கேவலமாகக் கேட்டார்கள் என்பது வரி தவறாமல் நினைவிருக்கும். கேட்டது என்ன என்பது மட்டும் எப்படியோ வழியில் விழுந்துவிடும்.

தெருவில் கத்திக்கொள்வதற்குப் பதிலாக உட்கார்ந்து பேசட்டும் என்று அவரே ஒரு ஏற்பாடு செய்தார். அறுவடை முடிந்து அவர் சரக்கு அடுக்கும் கிட்டங்கி காலியானதும், சனிக்கிழமை சாயங்காலங்களில் இரு தரப்பும் அங்கே கூடும். மேடை, நாற்காலி எதுவும் கிடையாது. மடித்துப் போட்ட சாக்குகள்தான். காய் பொறுக்கும் பெண்கள்கூடச் சோலி முடிந்து போகிற வழியில் ஓரமாக நின்று கேட்பார்கள். சட்டப்படி அது கட்டணமில்லாத தனியார் இடக் கூட்டம், அனுமதி தேவையில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொன்னவன் நான். அந்த நன்றிக்கு எனக்கு வாசலருகே காற்று வரும் இடத்தில் ஒரு சாக்கு நிரந்தரமாக ஒதுக்கியிருந்தார்.

அங்கே ஒரே ஒரு விதி. பதில் சொல்கிறவர் முதலில் கேள்வியைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவர் "ஆமா, அதைத்தான் கேட்டேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே பதில். கேள்விப்பட்டவுடன் சாதாரணமாகத் தோன்றும் விதி இது. நான் பின்னாளில் எத்தனையோ விசாரணைகளை நடத்தியிருக்கிறேன். இதைப் போல மனிதர்களைத் திணறடித்த வேறு நடைமுறையைப் பார்த்ததில்லை.

நாத்திகர் தரப்பில் முக்கியமானவர் ஓர் இளம் பள்ளி ஆசிரியர். சிலமலையிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒருநாள் அவர் எழுந்து, தேர் ஊரிலுள்ள எல்லாத் தெருவுக்கும் வராமல் நாலு வீதியோடு திரும்பிவிடுவது ஏன் என்று கேட்டார்.

செயலாளர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! தேரைப் பழிக்கிறாங்க. இந்த நாட்டுல சாமி கும்புடுறவனுக்குத்தான் நாதியில்ல. வேற எவனையாவது இப்படிக் கேட்டுருவாகளா?"

"செயலாளரே, அவரு கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார் இவர்.

"அதைச் சொல்ல என் நாக்கு கூசுது."

"அவரு நாக்கு கூசாம நல்ல தமிழ்லதான் கேட்டாரு. தேரு ஏன் எல்லாத் தெருவுக்கும் வரல. அதானே வாத்தியாரே?"

"ஆமாங்கய்யா. அதைத்தான் கேட்டேன்."

ஏலக்காயைக் கொஞ்ச நேரம் ஆட்டினார். "தெரு குறுகல்னு கோயில் கணக்குல எழுதியிருக்கு. என் ஏலக்கா லாரி அந்தத் தெரு வழியாத்தான் தெனமும் போகுது. லாரி போற தெருவுல தேரு போகாதுன்னா தெரு மேல குத்தம் இல்ல. குத்தம் எங்க மேலதான்."

காய் பொறுக்கும் பெண்கள் பக்கமிருந்து யாரோ, "அப்படிச் சொல்லு சாமி!" என்றார்கள். செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். புண்படுவதற்கு அதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை.

உங்கள் ஆட்களிடமே இப்படிக் கறாராக இருக்கிறீர்களே என்று நான் ஒருமுறை கேட்டேன். கடையில் அப்போது மதுரை வியாபாரி ஒருவர் சரக்கு ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் உடனே கடைப்பையனைக் கூப்பிட்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். வியாபாரி போன பின் என் பக்கம் திரும்பினார்.

"ஈரம்னு ஒருத்தன் சொன்னா மூட்டையைப் பிரிச்சுக் காட்டணும் குமாஸ்தா ஐயா. என் சரக்கைப் போயி ஈரம்னு எப்படிச் சொல்லலாம்னு நான் ஒப்பாரி வச்சா, அவன் என்ன நெனைப்பான்? உள்ள நெசமாவே ஈரம்னுதான் நெனைப்பான். சாமி எங்கிட்டக் குடுத்த சரக்கு ஈரம் இல்லன்னு எனக்குத் தெரியும். பிரிக்கிறதுக்கு எனக்கென்ன பயம்?"

அவர் நம்பிக்கை அப்படி. எங்களில் பலருக்கு நம்பிக்கை என்பது பிரிக்காமல் வைத்திருக்கும் மூட்டைதான்.

இதற்காக அவர் நாத்திகர்களுக்கு இளகியவர் என்று எண்ண வேண்டாம். ஆசிரியர் ஒருமுறை பக்தர் தரப்புக் கேள்விக்குப் பதில் தெரியாமல், "இப்படிக் கேட்பதே எங்களை ஒடுக்கும் சூழ்ச்சி" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்தார். "வாத்தியாரே, செயலாளர் பாட்டை நீங்க பாடாதீங்க, அவருக்குப் பொழப்பு போயிரும்" என்றார் இவர். ஆசிரியரே சிரித்துவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவில் மண் இறங்கி, எஸ்டேட்டில் ஒரு வீட்டை மூடியது. ஒரு குழந்தை போய்விட்டது. கோடையில் கிட்டங்கிக் கூட்டம் தொடங்கியபோது ஆசிரியர் அதைக் கேட்டார். அந்தப் பிள்ளை யாருக்கு என்ன செய்தது, உங்கள் சாமி எங்கே போயிருந்தார் என்று. பிள்ளையின் தகப்பனும் அன்று வந்திருந்தார். செயலாளருக்கு நல்ல சந்தர்ப்பம். "செத்த வீட்டுக்காரரை வச்சுக்கிட்டே இப்படிக் கேட்டு வதைக்கிறாங்களே, இது கொடுமையில்லையா?" என்று குரலைத் தழதழக்க வைத்தார்.

தகப்பன் மெல்ல எழுந்தார். "அவரு கேட்டது தப்பில்லங்க. எனக்கும் அதையே கேக்கணும்னு இருந்துச்சு. யாருகிட்டக் கேக்குறதுன்னுதான் தெரியல."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். ஏலக்காய் பிடித்த கை அசையவில்லை. கேள்வியை முறைப்படி திருப்பிச் சொன்னார். ஆசிரியர் தலையாட்டினார். "எனக்குத் தெரியலப்பா" என்றார் தகப்பனைப் பார்த்து. "கர்மம், விதின்னு ஏதாவது சொல்லலாம். ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல. தெரியல." மறுநாள் விடியற்காலை வழக்கம்போலக் குளித்து, பூசி, கோயிலுக்குப் போனார். பதில் தெரியாதது அவர் போவதைத் தடுக்கவில்லை; போவது, தெரியாது என்று சொல்வதையும் தடுக்கவில்லை. எனக்கு இது இன்றுவரை ஆச்சரியம்.

பிள்ளையார் விவகாரம் அதற்குப் பிறகு வந்தது.

மலைப்பாதை ஏறும் இடத்தில், முந்தலில், ரோட்டோரம் ஒரு சிறிய பிள்ளையார் உண்டு. மேலே போகும் ஜீப்போ லாரியோ அங்கே நின்று, டிரைவர் இறங்கி ஒரு தேங்காயைச் சிதறவிட்டுத்தான் வளைவுகளில் ஏறும். பிரேக்கைவிட அந்தத் தேங்காயை நம்பி ஓடிய வண்டிகள் பல. ஒரு சனிக்கிழமை ஆசிரியர் கிட்டங்கியில், "அந்தப் பிள்ளையார் மேலேயே ஒரு தேங்காய் விழுந்தால் அவரால் தடுத்துக்கொள்ள முடியுமா?" என்று வாதத்துக்காகக் கேட்டார். நேரம் ஆகிவிட்டதால் பதில் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

திங்கட்கிழமை காலை பிள்ளையாரின் தும்பிக்கை உடைந்து கிடந்தது.

ஊர் கொதித்தது. வாத்தியார் சொன்னபடியே செய்துவிட்டான் என்று முடிவாகிவிட்டது. பத்து மணிக்குள் ஆசிரியரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். செயலாளர் எழுதிய புகாரின் நகல் என் மேசைக்கு வந்தது. வழிபாட்டுப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு ஒரு பிரிவும், மத உணர்ச்சியைப் புண்படுத்தியதற்கு இன்னொரு பிரிவும் கேட்டிருந்தார். இரண்டாவதற்கு அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஆசிரியருக்கு ஆறுதல் ஒன்றுமில்லை. நிரந்தரமாகாத ஆசிரியரை விசாரணை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். வழக்கு கோர்ட்டுக்கு வந்தால் போதும், அன்றைக்கே வேலை போகும். அவர் சம்பளத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் கடைக்குள் நுழைந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாண வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

"காயம் எங்க, காயம் எங்கன்னு கேப்பீங்களே அண்ணே. இந்தா, முந்தல்ல இருக்கு காயம்! இப்ப என்ன சொல்றீங்க?"

இவர் முகம் வெளிறிவிட்டது. கண் கலங்கியதையும் பார்த்தேன். பிள்ளையாரை அவர் கல்லாக நினைத்தவர் அல்ல. "சாயங்காலம் பிள்ளையார் முன்னாடி கண்டனக் கூட்டம், நீங்கதான் தலைமை" என்று செயலாளர் சொன்னதற்கு, "வர்றேன்" என்று மட்டும் சொன்னார். செயலாளர் போனதும் என்னைக் கூப்பிட்டார். "வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம். கூட ரெண்டு கண்ணு இருக்கட்டும்."

முந்தலில் சனங்கள் உடைந்த தும்பிக்கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். இவர் அதைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையாரின் பின்புறம் போனார். அங்கே தேங்காய்ச் சில்லுகள் கிடந்தன. வழக்கமாகச் சில்லுகள் முன்னால்தான் சிதறும். சிதறுகாய்க் கல்லைத் தேடினார். ரோடு வேலைக்காரர்கள் அதை இடத்தை விட்டு நகர்த்தி, பிள்ளையாரின் காலடியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வேகமாக எறிகிற காய் கொஞ்சம் தவறினாலும் சிலைமேல்தான் படும். குனிந்து ஒரு சில்லை எடுத்தார். ஓட்டில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த அடையாளம். அவர் வீட்டுத் தேங்காய் அது. பருவத்தின் முதல் அரிசி லோடு எஸ்டேட்டுக்கு ஏறும்போது, மனைவி கையால் மஞ்சள் பூசிக் கொடுத்தனுப்பும் வழக்கம் அந்த ஊரில் அவர் வீட்டில் மட்டும்தான்.

சில்லைத் துண்டில் முடிந்துகொண்டு கடைக்குத் திரும்பினார்.

மத்தியானம் அவருடைய ஜீப்பு மலையிலிருந்து இறங்கியது. டிரைவர் கடைக்குள் வராமல் வாசலில் நின்றான். முப்பது வயது ஆள், முரடன்; அன்று முகம் தொங்கிப்போயிருந்தது.

"உள்ள வா அப்பு. சாப்பிட்டியா?"

அந்தக் கேள்விக்கே அவன் உடைந்துவிட்டான். "இருட்டோட போனேன் மொதலாளி. மழத்தூத்தல். காய் கையை விட்டு வழுக்கிருச்சு. மேல போயி லோடை எறக்கிட்டு வந்து உங்ககிட்டச் சொல்லி, எண்ணெய்க்காப்பு சாத்தி மன்னிப்புக் கேக்கலாம்னுதான் இருந்தேன். வர்ற வழியில பாத்தா ஊரே நிக்குது."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"ஜவுளிக்கடை அண்ணன்கிட்டச் சொன்னேன். அவருதான் வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டாரு. 'நீ எறிஞ்சது தேங்கா. சிலையை ஒடச்சது அந்த வாத்தியான் சொன்ன சொல்லு. அவன் நாக்குதான்டா ஒன் கையைத் தட்டிவிட்டுச்சு'ன்னாரு. எனக்கும் ஒருவேளை அப்படித்தானோன்னு..."

சட்டத்தில் தூண்டுதல் என்று ஒரு அத்தியாயம் உண்டு. அதை இந்த அளவுக்கு விரித்துப் பொருள் சொன்னவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இவர் சிரிக்கவில்லை. "கை கழுவிட்டுச் சாப்பிடு" என்று அவனை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வழி சொன்னேன். டிரைவரைக் கூட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய் ரகசியமாகச் சொல்லிவிடலாம். தகுந்த ஆதாரமில்லை என்று புகாரை முடித்துக்கொள்வார். யார் பெயரும் வெளியே வராது. நடைமுறையில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு கிடையாது.

"வாத்தியாரு வெளிய வந்துருவாரு" என்றார். "ஊரு அவரை விடுமா? ஆதாரமில்லாம தப்பிச்சான்னு சாகுற வரைக்கும் சொல்லும்."

சாயங்காலம் முந்தலில் பெருங்கூட்டம். ராசிங்காபுரத்திலிருந்துகூட மாட்டுவண்டி கட்டி வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்றார். செயலாளர் முக்கால் மணி நேரம், பக்தர்கள் தங்கள் சொந்த ஊரிலேயே அகதிகளாகிவிட்டதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பக்தர்கள் தொகை ஊரில் எத்தனை, நாத்திகர் தொகை எத்தனை என்பது அந்தக் கூட்டத்திலேயே தெரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு இவர் எழுந்தார்.

"பிள்ளையார் தும்பிக்கையை ஒடச்சது என் தேங்கா. என் வீட்டு மஞ்சள் பூசின காய், என் ஜீப்பு, என் லோடு. கை தவறினது என் ஆளு. வாத்தியாரு ராத்திரி தன் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தாரு. நம்மளை யாரும் கொடுமைப்படுத்தல. நம்ம சாமியை நாமதான் ஒடச்சிருக்கோம், ஒடச்சுட்டு அடுத்தவனைப் புடிச்சு உள்ள வச்சிருக்கோம். இன்ஸ்பெக்டர் ஐயா, நான் எழுதிக் குடுக்குறேன். அவரை வெரசா வெளிய விடுங்க."

"அண்ணே, நம்ம ஆளுக முன்னாடி..." என்று செயலாளர் அவர் கையைப் பிடித்தார்.

"நம்ம ஆளுக முன்னாடிதான் சொல்லணும், தம்பி. பொய்யி நம்ம கிட்டங்கியிலதான் இருக்கு."

மண் கட்டி ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் தோளில் பட்டு உதிர்ந்தது. "கறுப்புச் சட்டைக்கு வெலை போயிட்டான்!" என்று ஒரு குரல். அவர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு இறங்கினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆசிரியர் வெளியே வந்துவிட்டார். வேலையும் தப்பியது.

மண்டலி அவசரக் கூட்டம் கூட்டி அவரைத் தலைமையிலிருந்து நீக்கியது. முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை, தேவையான உறுப்பினர்களும் இல்லை. அந்தத் தீர்மானம் செல்லாது என்று நான் அவரிடம் சொன்னேன். "செல்லாதுன்னு ஆடர் வாங்கிட்டுப் பாடுனா பாட்டு நல்லாவா இருக்கும்?" என்றார். மார்கழியில் ஊர்வலம் அவர் வீட்டு வாசலில் மட்டும் பாட்டை நிறுத்திக்கொண்டு போனது. அவர் வாசல்படியில் கைகூப்பி நின்றிருந்தார்.

புதுப் பிள்ளையார் பிரதிஷ்டை அடுத்த கோடையில், அந்த விவகாரத்தோடு நின்றிருந்த கிட்டங்கிக் கூட்டம் மறுபடி தொடங்கும் சனிக்கிழமையன்று நடந்தது. அவருக்கு அழைப்பில்லை. போனார். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றார். திருநீற்றுத் தட்டு அவர் வரிசைக்கு வந்ததும் திரும்பிவிட்டது. கீழே சிந்தியிருந்ததைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆசிரியரின் நண்பர்கள் அதற்கு முந்தின நாள்தான் அவரிடம் வந்து, பக்தர்கள் உங்களைப் படுத்தும் கொடுமையை எங்கள் மேடையில் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். போவீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார். "வருத்தமா இருக்கான்னு கேட்டா, இருக்கு. ரொம்ப இருக்கு. முப்பது வருசம் கூடப் பாடுனவங்க. அதுக்காக அதைக் கொடுமைன்னு சொல்லிற முடியுமா? வருத்தம் வேற, கொடுமை வேற. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டுனா அப்புறம் எனக்கே எது எதுன்னு தெரியாமப் போயிரும்."

ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். பஸ் நின்றதும் வேகமாக இறங்கினார். சனிக்கிழமை அல்லவா.

கிட்டங்கி வாசலில் ஆசிரியரும் அவர் ஆட்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். பக்தர் தரப்பில் ஈ, காக்கை இல்லை. பூட்டைத் திறந்து, தானே சாக்குகளை மடித்து இரண்டு வரிசையாகப் போட்டு, ஒரு வரிசையில் தனியாக உட்கார்ந்தார். ஆசிரியர் எழுந்தார்.

"ஐயா, இன்னிக்கு வேண்டாம். உங்களைப் போய் நான் எப்படி..."

"போன தடவை ஒரு கேள்வி பாக்கி வச்சீங்கல்ல? தேங்கா விழுந்தா தடுக்க முடியுமான்னு. கேளுங்க. எனக்காக இரக்கப்பட்டு நீங்க கேக்காம விட்டா, அப்பத்தான் எங்க சாமி தோத்துப்போகும்."

ஆசிரியர் அப்போதும் தயங்கினார். நான் என் சாக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கடவுள் உண்டா இல்லையா என்ற கோப்பில் நான் அன்றும் முடிவு எழுதியிருக்கவில்லை, இன்றும் எழுதவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாக்கைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக்குங்க, குமாஸ்தா ஐயா" என்றார். "கேள்வி நல்லாக் காதுல விழணும்."